நூறு ரூபாய் பாக்கி இருக்கட்டும்

ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வங்கிக்குப் போய், தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபித்துவிட்டு வர வேண்டும். அதற்காகத்தான் போன நவம்பரில் திண்டுக்கல் கிளைக்குப் போயிருந்தேன். நான் பணியின் கடைசி ஆண்டுகளில் உட்கார்ந்திருந்த கிரெடிட் கார்டு மேசை அங்கே இல்லை. அந்த இடத்தில் பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் முன்னால் ஒரு வரிசையும் நிற்கிறது. இயந்திரத்திடம் யாரும் சத்தம் போடவில்லை என்பதைக் கவனித்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

என் கைரேகையைப் பதிந்துகொண்ட இளம் அதிகாரியின் பெயர் நிவேதா. நான் யாரென்று தெரிந்ததும் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மேடம், கார்டு வட்டி பத்தி எது கேட்டாலும் இப்ப ஆப்புலயே பதில் வந்துருது. ஆனா அந்தப் பதிலப் படிச்சுட்டு நேரா இங்க வந்து எங்களத் திட்டுறாங்க. நீங்கல்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க?"

நான் சமாளிக்கவில்லை, அழகர்சாமி சார் சமாளித்தார், நான் பக்கத்தில் இருந்தேன் என்றேன். அதையாவது எழுதிக் கொடுங்களேன் என்றாள். வீட்டில் வேறு வேலை ஒன்றும் தலைபோகிறதாக இல்லை. எழுதுகிறேன்.

என் ஆரம்ப காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா பள்ளி ஆசிரியர். நானும் ஆசிரியை ஆவேன் என்று எங்கள் தேவாலயப் பங்கில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தேர்வு எழுதினேன், வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. முதலில் நிலக்கோட்டை. பூ வியாபாரிகளின் பணம் மல்லிகை வாசத்தோடு வருமாமே என்று உறவினர்கள் கேட்பார்கள். ஈரமாக வரும், அவ்வளவுதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நோட்டுகளைப் பிரித்து எண்ணுவதற்குள் விரல் நுனி ஊறிப்போகும். பிறகு நகைக்கடன், பிறகு அதிகாரித் தேர்வு, நடுவே கல்யாணம், இரண்டு பிள்ளைகள், இரண்டு இடமாற்றம். இதற்குள் பாதி வாழ்க்கை முடிந்துவிட்டது.

திண்டுக்கல் கிளையில் கார்டு மேசைக்கு ஆள் தேவைப்பட்டபோது யாரும் முன்வரவில்லை. காரணம் எளிது. கடன் மேசைக்கு வருகிறவர் கெஞ்சுவார். கார்டு மேசைக்கு வருகிறவர் கத்துவார். ஏற்கெனவே பணம் போய்விட்டவர்தான் அங்கே வருவார். என் குரல் கொஞ்சம் கனத்த குரல். அந்த ஒரே தகுதிக்காக என்னை அங்கே உட்கார வைத்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

அழகர்சாமி சார் எங்கள் முதுநிலை மேலாளர். மேலூர்ப் பக்கத்துக்காரர். கத்திக்கொண்டு வருகிற வாடிக்கையாளருக்கு எதிரில் அவர் உட்கார மாட்டார். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, வந்தவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் மனதைக் குளிர வைக்கும் தந்திரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா ஜெசிந்தா. எதிர்ல உக்காந்தா பேப்பர் ஒருத்தருக்குத் தலைகீழாத் தெரியும். பக்கத்துல உக்காந்தா ரெண்டு பேருக்கும் நேராத் தெரியும். அம்புட்டுதான்."

அவரிடம் இன்னும் இரண்டு பழக்கங்கள் இருந்தன. மாதாந்திர பில்லை விரித்ததும் வட்டி என்று போட்டிருக்கும் வரியை முதலில் பார்க்கவே கூடாது என்பார். போன பில்லில் எவ்வளவு கேட்டிருக்கிறோம், அதற்கு அவர் எவ்வளவு கட்டியிருக்கிறார், அதுதான் முதலில். அடுத்தது, வாங்கிய பொருட்கள். அவற்றை நாம் படித்துக் காட்டக் கூடாது. பென்சிலை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அவரே ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். தன் கையால் டிக் அடித்ததை யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் வட்டி. இரண்டாவது பழக்கம், இனிமேல் வரப்போகும் கெட்ட சேதியை இன்றே சொல்லிவிடுவது. அடுத்த மாதம் இன்னும் ஒரு தொகை வரும் என்றால் அதை இப்போதே சொல்லிவிடுவார். வந்தவர் நிம்மதியாக எழுந்து போகும்போது அதைச் சொல்ல எனக்கு வாயே வராது. அவருக்கு வரும்.

வட்டி எப்படி ஓடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது. கார்டில் நாற்பதாயிரத்துக்குப் பொருள் வாங்குகிறீர்கள். வங்கி பில் அனுப்புகிறது, கட்டுவதற்கு ஒரு கடைசித் தேதியும் தருகிறது. அந்தத் தேதிக்குள் நாற்பதாயிரத்தையும் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. வாங்கிய நாள் முதல் கட்டிய நாள் வரை வங்கியின் பணத்தை இலவசமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. நானும் அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

இப்போது முப்பத்தொன்பதாயிரம் கட்டி, ஆயிரத்தை மிச்சம் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்குத்தானே வட்டி வரும் என்பது எல்லோருடைய நினைப்பும். நியாயமான நினைப்புதான், ஆனால் கணக்கு அப்படிப் போகாது. அந்த இலவச நாட்கள், முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் சலுகை மொத்தமாகப் போய்விடும். நாற்பதாயிரத்துக்கும், ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே, நீங்கள் பணம் கட்டிய நாள் வரை வட்டி ஓடும். அதன் பிறகு மிச்சமுள்ள ஆயிரத்துக்கு ஓடும். அதோடும் நிற்காது. பழைய பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் இலவச நாள் கிடையாது. கடையில் கார்டைத் தேய்த்த அன்றே அதற்கு வட்டி தொடங்கிவிடும். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல், அதன் தலையில் வரி வேறு. தெருவில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவரைப் பற்றி நம் ஊரில் என்ன பேசுவோம் என்று உங்களுக்கே தெரியும். எங்களைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. எங்கள் கிளையில் ஏசி ஓடுவதால் இருக்கலாம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் குறைந்தபட்சத் தொகையில் மாட்டியவர்கள். பில்லில் மொத்தத் தொகைக்குக் கீழே குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும் என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி தன்பாட்டுக்கு ஓடும். கட்டட இன்ஜினியர் ஒருவர் அதைத் தவணை என்று எண்ணிக்கொண்டு மாதம் தவறாமல் கட்டிவந்தார். ஒரு நாள் மலர்ந்த முகத்தோடு வந்து, "மேடம், ஃப்ரிட்ஜுக்குக் கடைசித் தவணை எப்ப முடியுது?" என்று கேட்டார். அவர் வாங்கிய நாளில் இருந்த கடனில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. தாடிக்கொம்பிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுத்துவிட்டார். ரொக்கமாக எடுத்தால் இலவச நாளே கிடையாது, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. "அந்த மெஷின் ஒரு வார்த்தை சொல்லலியே சார்" என்று அழகர்சாமி சாரைக் குற்றம் சாட்டினார். "சொல்லியிருக்கணும் டீச்சர்" என்று சாரும் ஒப்புக்கொண்டார். வட்டியைக் குறைக்கவில்லை, ஒப்புக்கொண்டார்.

இவையெல்லாம் அன்றோடு முடிந்த கதைகள். முடியாத ஒன்று உண்டு.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்த அண்ணன் தம்பி இருவர். அண்ணனை வீரபத்திரன் என்றும் தம்பியைச் சிவராமன் என்றும் சொல்கிறேன், உண்மைப் பெயர்கள் வேறு. அவர்கள் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்தவர். பிள்ளைகள் துணியும் சாயமும் வாங்கி, முடிச்சுப் போடுகிறவர்களுக்கும் சாயம் ஏற்றுகிறவர்களுக்கும் வேலை கொடுத்து, சேலையாக்கி விற்றார்கள். கடை ஒன்று, வீடு ஒன்று, உலை ஒன்று. கார்டு அண்ணன் பெயரில் இருந்தது. அதே கணக்கில் தம்பிக்கும் ஒரு கார்டு கொடுத்திருந்தோம். வெளியூர் போய்ச் சரக்கு வாங்குவது தம்பி. பில் வந்ததும் கிளைக்கு வந்து பணம் கட்டுவது அண்ணன். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை.

ஒரு நாள் காலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். அண்ணன் உட்கார்ந்தார், தம்பி உட்காரவில்லை. அண்ணன் துணிப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து மேசையில் வைத்தார். ஓராண்டின் சரக்கு ரசீதுகள் எல்லாம் அதில் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. அவர் சட்டைக் கையின் ஓரத்தில் நீலச் சாயக் கறை இருந்தது. குரலை உயர்த்தவே இல்லை. கத்தாமல் வருகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"மேடம், மாசா மாசம் இந்தக் கார்டுல மூவாயிரம் ரூவாய ஒட்டிக் காணாமப் போகுது. என்கிட்ட இருக்குற ரசீதக் கூட்டுனா ஒரு தொகை வருது. நீங்க கேக்குறது வேற தொகையா இருக்கு. அந்த மூவாயிரம் எந்தக் கடையில போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஆளு யாருன்னு நான் கேக்கல."

"என்னையத்தான் சொல்றாரு மேடம்," என்றார் பின்னால் நின்ற தம்பி. "நேராச் சொல்ல மாட்டாரு. அது வட்டிண்ணே, வட்டிண்ணேன்னு எத்தன தடவ சொல்லிட்டேன். நீங்க நாள் கடந்து கட்டுறீங்க, அதான் வட்டி விழுகுதுன்னேன். அதுக்கு அடிக்கப் பாஞ்சாரு."

"ஏலே, நான் நாள் கடந்து கட்டுறவனா?" அண்ணன் திரும்பாமலே கேட்டார். "கெடு செவ்வா வெள்ளியில வந்தாக்கூட அதுக்கு முந்துன நாளே வந்து கட்டுறவன். இந்தக் கவுண்ட்டர்ல கேட்டுப் பாரு. நாள் தவறுனவன்னு எங்க அப்பன எவனும் சொன்னதில்ல, என்னையவும் சொன்னதில்ல." பிறகு என்னிடம், "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மச்சான் வர்றாரு மேடம். பாகம் பிரிக்கப் போறோம். அதுக்கு முன்னாடி திருடன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

திருடன் என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பது வயதுக்காரர். கண் கலங்கியதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்துவிட்டேன்.

பில்லைத் திரையில் திறந்ததுமே வட்டி வரி என் கண்ணில் பட்டது. அண்ணன் சொன்ன அதே தொகை. அது வட்டிதான் அண்ணே என்று உடனே சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அதைத்தான் தம்பி ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் அதையே சொன்னால், என்னையும் தம்பி கையில் போட்டுக்கொண்டதாகத்தான் அண்ணன் நினைப்பார். இதற்குள் அழகர்சாமி சார் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓராண்டு பில்களையும் அச்செடுக்கச் சொன்னார். பென்சிலை அண்ணன் கையில் கொடுத்தார்.

"அண்ணே, நீங்க ரசீத உருவி வாசிங்க. மேடம் இதுல எங்க இருக்குன்னு காட்டுவாங்க. டிக்க நீங்களே போடுங்க."

நேரம் பிடித்தது. அண்ணன் ஒவ்வொரு ரசீதாகக் கம்பியிலிருந்து உருவி, கடைப் பெயரை வாசித்து, தொகையை வாசித்து, நான் காட்டிய வரியில் டிக் போட்டார். ஈரோட்டுத் துணி, சாயப் பொடி, லாரி வாடகை, டீசல். சந்தேகம் வந்த இடங்களில் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். நடுவே இரண்டு வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பி காலியானபோது, வாங்கியதாகப் போட்டிருந்த ஒவ்வொரு வரியிலும் டிக் இருந்தது. தம்பி எங்கேயும் ஒரு பைசா மறைத்துச் செலவழிக்கவில்லை. இதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. அண்ணனின் பென்சில்தான் சொன்னது.

தம்பி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அந்த மூவாயிரம்?" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"அதுக்கு முன்னாடி இதப் பாருங்க," என்று சார் வேறொரு வரியைக் காட்டினார். "போன மாசம் நாங்க கேட்டது இது. நீங்க கட்டுனது இது. நூறு ரூவா கம்மியா இருக்கு. அதுக்கு முந்துன மாசமும் நூறு கம்மி. அதுக்கு முந்துன மாசமும் அப்படித்தான். கையில பத்தலயாண்ணே?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அதுவரை வராத கோபம் அப்போது வந்தது.

"பத்தலயாவா? என்ன சார் பேசுறீங்க? நான் வேணுமின்னே விட்டது அது. எங்க யாவாரத்துல யாருக்கும் கணக்க முழுசா அடைக்க மாட்டோம். நூல்காரரு, சாயக்காரரு, யாரா இருந்தாலும் அம்பதோ நூறோ பாக்கி நிக்கணும். முழுசா எண்ணி வச்சா என்ன அர்த்தம்? இனி உன் வாசல மிதிக்க மாட்டேன்னு அர்த்தம். சண்ட போட்டுப் பிரியிறவன்தான் பைசா பாக்கி இல்லாம எண்ணி வைப்பான். பேங்கு எங்களுக்கு நல்லது பண்ணுது. அதுகூட உறவ முறிச்சுக்கிறலாமா? உங்க மேல உள்ள மரியாதைக்குத்தான் சார் அந்த நூறு."

பில் கட்டாததற்கு அந்த மேசையில் நான் கேட்காத காரணம் இல்லை. ஆஸ்பத்திரி, வேலை போனது, மகன் கார்டை எடுத்துக்கொண்டு போனது, மறந்தே போனது. மரியாதைக்காகப் பாக்கி வைத்தவரை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

"அந்த மரியாதைக்கு நாங்க மாசம் மூவாயிரம் வட்டி போட்டிருக்கோம்ணே," என்றார்.

"நூறு ரூவாய்க்கா?"

"நூறுக்கு இல்ல. நூறு நின்னதால, மொத்தத்துக்கும். தம்பி சரக்கு எடுத்த அன்னையிலருந்து நீங்க கட்டுன அன்னைவரைக்கும். முழுசாக் கட்டியிருந்தா ஒரு பைசா கிடையாது. நூறு பழைய பாக்கியா நின்னதால, அடுத்த மாசம் எடுத்த சரக்குக்கும் எடுத்த அன்னைக்கே வட்டி ஆரம்பிச்சுருச்சு."

"நூல்காரருக்கு நூறு நின்னா நூறத்தான சார் கேப்பாரு?"

"ஆமாண்ணே. அவருக்கு உங்களத் தெரியும். எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

தம்பி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்ட்டரில் பணம் கட்டுவது அண்ணன் என்பதால், நூறு ரூபாய் விடுபடுவது அவருக்குத் தெரியவே தெரியாது. பில்லில் வட்டி இருந்ததைப் பார்த்தார், அண்ணன் தாமதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ரசீதுக்கும் பில்லுக்கும் வித்தியாசம் இருந்ததை அண்ணன் பார்த்தார், தம்பி எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பிறகு காசாளரிடம் விசாரித்தேன். "பாக்கி நூறு இருக்கட்டும்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு மேடம். சில்லறை இல்ல போலன்னு நினைச்சேன்" என்றார் அவர். காசாளர் வேலை கொடுத்த பணத்தை வாங்குவது. அவரை என்ன சொல்ல?

அண்ணன் ரசீதுகளை மறுபடியும் கம்பியில் குத்தத் தொடங்கினார். எல்லாவற்றையும் குத்தி முடித்த பிறகு, தம்பியைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏலே, டீ குடிச்சியா?"

"இல்ல."

"வா, போயிக் குடிப்போம்."

"நீங்க குடிங்கண்ணே. நான் பஸ்ல போயிக்கிறேன்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அந்த அண்ணன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. தப்பா நினைச்சுட்டேன்டா என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியாதவருக்கு டீ வாங்கித் தர மட்டும் தெரிகிறது. என் வீட்டிலும் இப்படிப்பட்ட ஆண்கள் இருக்கிறார்கள், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கலாம்.

அண்ணன் எழுந்தார். சார் அவரை விடவில்லை. அன்று வரை கார்டில் நின்ற அத்தனையையும் கவுண்ட்டரில் கட்ட வைத்தார், அந்த நூறையும் சேர்த்து. கட்டிவிட்டு ரசீதோடு திரும்பி வந்தவர், "இப்ப நமக்குள்ள உறவு முறிஞ்சுருச்சா சார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

"ஒண்ணும் முறியாது. ஆனா இதக் கேட்டுக்கங்க. அடுத்த மாசமும் கொஞ்சம் வட்டி வரும். போன பில்லு போட்ட நாளுக்கும் நீங்க இன்னைக்குக் கட்டுனதுக்கும் நடுவுல ஓடுன வட்டி அது. இன்னும் பில்லுல ஏறல. வால் மாதிரி பின்னாடி வரும். அது வர்றப்ப தம்பியத் தேடிப் போகாதீங்க. அதையும் முழுசாக் கட்டிட்டா முடிஞ்சுது."

என்னிடம் தனியாக, அந்தப் பில் வரும் அன்று மறக்காமல் ஃபோன் செய்யச் சொன்னார். மேலிடத்துக்கும் எழுதினார். ஒரு மாத வட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணன் அதைக் கேட்கவே இல்லை.

பில் வந்த அன்று ஃபோன் செய்தேன்.

"வந்துருச்சு மேடம், சார் சொன்ன வாலு," என்றார் அண்ணன். "கட்டிட்டேன். பைசா பாக்கி வைக்கல."

"தம்பி எப்படி இருக்கார்?"

"பாகம் பிரிச்சாச்சு மேடம். நான் வேணாமுன்னேன். மச்சானும் வேணாமுன்னாரு. அவன் கேக்கல."

மூவாயிரம் எங்கே போனது என்பதை எங்களால் வரிவரியாகக் காட்ட முடிந்தது. ஆனால் ஓராண்டு முழுவதும் ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவன் தன்னைத் திருடனாகப் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டிருந்தவரிடம், நீ திருடவில்லை என்று நிரூபணமாகிவிட்டது, எல்லாம் சரி, வா என்றால் வந்துவிடுவாரா? நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அன்று வீட்டுக்குப் போன பிறகும் மனசு சரியில்லை. மறுநாள் இதை அழகர்சாமி சாரிடம் சொன்னேன். "நம்ம வேல வட்டியோட முடிஞ்சுதும்மா" என்றார். அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு சார் ஓய்வு பெற்றார். அதற்கும் பின்னால், பொங்கல் முடிந்து சில நாட்களில், சிவராமன் வந்தார். அடுத்த தெருவில் தனியாகக் கடை போட்டிருப்பதாகச் சொன்னார். தன் பெயரில் தனிக் கார்டு வேண்டும் என்றார். நான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருந்தது.

எழுதிக்கொண்டே, பாகம் பிரித்ததில் மனக்கசப்பு ஏதும் உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கசப்பெல்லாம் இல்ல மேடம். துணி, சாயம், கடை அட்வான்ஸு, எல்லாத்துலயும் எனக்குக் கூடுதலாத்தான் போட்டாரு அண்ணன். வீட்டுல அண்ணி, எங்க அக்கா, எல்லாரும் இருந்தாங்க. கடைசியில ரொக்கத்த எண்ணி என் கையில குடுத்தாரு. நான் எண்ணிப் பாத்தேன். நூறு குறைஞ்சுது. மச்சான் வாங்கி எண்ணிப் பாத்துட்டு, 'மாப்ள, நூறு குறையுதே'ன்னாரு."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"யாரையும் பாக்கல. துண்ட உதறித் தோள்ல போட்டாரு. 'இருக்கட்டும்'னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மச்சானுக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சுது."

என் பேனா நின்றுவிட்டது. பெண்பிள்ளை வங்கி மேசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கக் கூடாது என்பதால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அப்புறம் அந்த நூறக் கேக்கலியா?"

"எதுக்கு மேடம் கேக்கணும்? தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாரு. பிள்ளைகளுக்குத் துணி எடுத்துட்டு வந்தாரு. நூறக் குடுக்காமத்தான் போனாரு. பொங்கலுக்கும் வந்தாரு. அப்பயும் குடுக்கல."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், மாதா மாதம் சேமிப்புக் கணக்கிலிருந்து பில் தொகையைத் தானாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். குறைந்தபட்சத் தொகை, முழுத் தொகை என்று இரண்டு கட்டங்கள். எதில் டிக் போடட்டும் என்று கேட்டேன்.

"முழுசா எடுத்துக்கங்க மேடம். பைசா பாக்கி நிக்க வேணாம்," என்றார். பிறகு கொஞ்சமும் வருத்தமில்லாமல், மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உங்களுக்கும் எனக்கும் என்ன உறவு இருக்கு?"

முழுத் தொகை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.